விருந்தும் மருந்தும்

(நாமக்கல் வட்டாரத் தோழர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அயல்நாட்டார் உதவியுடன் அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் வளர்ச்சிப் பணிகள்" – இதுதான் இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்ட தலைப்பு. கேட்டதும் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். மீதிப் பேருக்குச் சந்தேகம் வந்திருக்கும். டில்லி மாநகரத்து மண்டபத்திலே, ஜெனிவா நகரத்து மாளிகையிலே, குளிரூட்டப்பட்ட அறையிலே பேசவேண்டிய பொருள் அல்லவா இது! கோழிப் பண்ணைக்கும் லாரிப் பட்டறைக்கும் இடையே வாழ்கின்ற நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

தொடர்பு உண்டு, தோழர்களே! இந்தப் பொருளை ஏட்டிலே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை. நம் வீட்டு வாயிலிலே நடந்தது அது. நம் அண்ணன் தம்பியர் சாவோடு போராடிய நாளிலே நடந்தது. நம் தங்கையர் இளவயதிலேயே துணைவனை இழந்து நின்ற நாளிலே நடந்தது. எய்ட்ஸ் என்னும் நோயை எதிர்த்து இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியிலே நடந்த போராட்டத்தைத்தான் குறிப்பிடுகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்லுவர். விருந்தினன் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் வீட்டாருக்குச் சுமை; மருந்து மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் உடலுக்குச் சுமை. ஆனால், வந்த நோயோ வாழ்நாள் முழுதும் மருந்து கேட்கின்ற நோய். அதை எதிர்க்க வந்த உதவியோ விருந்தினராக வந்த உதவி. மூன்று நாள் விருந்தினரை நம்பி முப்பது ஆண்டு மருந்தைத் தொடங்கலாமா? தொடங்கினால், விருந்தினர் எழுந்து போகும் நாளிலே நோயாளியின் நிலை என்ன? இந்த ஒரு கேள்விக்குத்தான் இன்று விடை தேடப்போகிறோம்.

சக்கரத்தின் மேல் வாழும் ஊர்

1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலே சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று நாமக்கல். மாவட்டம் இரண்டானாலும் பிழைப்பு ஒன்றுதான். நாமக்கல்லிலே லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போகின்றன. சங்ககிரியிலே வீட்டுக்கு வீடு லாரித் தொழில் தெரிந்தவர் உண்டு. தென்னாட்டு அடுப்புகளுக்கு எரிவாயு சுமக்கும் டேங்கர்களின் உரிமையாளர்கள் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு சங்கம் வைத்திருக்கிறார்கள். சோற்றை நிலத்திலே தேடிய ஊர்கள் உண்டு, கடலிலே தேடிய ஊர்கள் உண்டு. சக்கரத்தின் மேலே தேடிய ஊர் நம் ஊர்!

வண்டி கிளம்பினால் திரும்பிவரப் பல நாள். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் வெயில். சுங்கச் சாவடியிலே காத்திருப்பு, சரக்கு இறக்க முடியாமல் காத்திருப்பு, திரும்பு லோடு கிடைக்காமல் காத்திருப்பு. வீட்டின் நிழல் இல்லை. நல்லது சொல்ல ஆள் இல்லை. இத்தகைய வாழ்விலே ஒரு நோய் நுழைவது கடினமா?

1986ஆம் ஆண்டிலே, சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர் சிலரது இரத்தத்தைச் சோதித்தபோது, இந்தியாவிலே எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதியாயிற்று. நாடு நம்ப மறுத்தது. "அது அமெரிக்கர் நோய், ஐரோப்பியர் நோய், பண்பாடு மிக்க நம் மண்ணிலே அது முளைக்காது" என்றனர். கிருமிக்குப் பண்பாடு தெரியுமா, தோழர்களே? சாதி தெரியுமா? மேட்டுக்குடி, சேரி என்ற பிரிவு தெரியுமா? முளைத்தது. பரவிற்று. கருவுற்ற தாய்மாரிலே நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தொட்டு, அதிகத் தொற்றுள்ள ஆறு மாநிலங்களிலே ஒன்றாகத் தமிழ்நாடு எண்ணப்பட்டது. பின்னாளிலே நாடு முழுதும் முதல் கவலைக்குரியவை என்று 156 மாவட்டங்களை மைய அரசு வகைப்படுத்தியபோது, சேலமும் அதிலே இருந்தது, நாமக்கல்லும் அதிலே இருந்தது.

"லாரிக்காரன் கொண்டுவந்தான்" என்று ஊர் பழி சுமத்திற்று. பழி சுமத்துவது எளிது. இருபது நாள் அவன் உறங்காமல் ஓட்டியதால் அல்லவா சந்தையிலே வெங்காயம் விலை ஏறாமல் இருந்தது? அவன் சுமந்த சரக்கின் இலாபம் ஊருக்கு. அவன் சுமந்த நோய் மட்டும் அவனுக்கா? எந்தப் பாவமும் அறியாமல் வீட்டிலே இருந்த அவன் மனைவிக்கா? அவள் வயிற்றிலே இருந்த குழந்தைக்கா?

வந்தவர் யார்?

அந்த இருண்ட வேளையிலே கதவைத் தட்டியவர்கள் மூன்று வகையினர்.

முதலிலே அரசு. 1992ஆம் ஆண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அமைந்தது. உலக வங்கி 8 கோடியே 40 இலட்சம் டாலர் கொடுத்தது. கொடுத்தது என்றால் தானம் அன்று. திருப்பித் தரவேண்டிய கடன். 1994ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, கோப்புகள் மேசைக்கு மேசை நடந்து களைத்துப் போகாமல் பணம் விரைந்து களத்துக்குச் செல்லவேண்டும் என்பதற்காக, தனியே ஒரு சங்கமாக மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைப் பதிவு செய்தது. மற்ற மாநிலங்கள் பின்னர் அந்த வழியைப் பின்பற்றின.

இரண்டாவதாக அயல்நாடு. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 1995ஆம் ஆண்டு நிதி தந்தது. அந்த நிதியை நேரே செலவிடவில்லை. சென்னையிலுள்ள தன்னார்வ நலச் சேவை நிறுவனம், அதாவது வி.எச்.எஸ்., அதை ஏற்று நடத்திற்று. 1958ஆம் ஆண்டு டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய அமைப்பு அது. அமெரிக்கப் பணம், இந்திய அரசின் இசைவு, தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் கை – மூன்றும் சேர்ந்து 'ஏபேக்' என்ற பெயரிலே திட்டம் நடந்தது. நெடுஞ்சாலையிலே லாரி ஓட்டுநரையும் கிளீனரையும் தேடிச் சென்ற திட்டம் அது.

மூன்றாவதாகத் தனியார் செல்வர். கணிப்பொறி மென்பொருள் விற்றுப் பொருள் குவித்த பில் கேட்சு அவர்களின் அறக்கட்டளை 2003ஆம் ஆண்டு 'ஆவஹான்' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலே தொடங்கிற்று. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டிலே, டில்லியின் லாரிப் பேட்டையிலே ஓட்டுநருக்கென்று மருத்துவ நிலையம் திறந்தது ஒரு டயர் கம்பெனி – அப்போலோ டயர்ஸ். டயர் விற்பவருக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்பீர்கள். ஓட்டுநன் படுத்துவிட்டால் வண்டி படுத்துவிடும். வண்டி படுத்துவிட்டால் டயர் தேயாது. தேயாத டயரை யார் மாற்றுவார்? இலாபக் கணக்கிலே பிறந்த இரக்கம்தான். எனினும், பசித்தவனுக்குச் சோறு வந்தால் சட்டியின் வரலாறு கேட்பதில்லை.

கூட்டு செய்த நன்மை

இந்தக் கூட்டினால் விளைந்தது என்ன? நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே ஒரு காட்சியாகச் சொல்கிறேன்.

நள்ளிரவு. நெடுஞ்சாலை ஓரம். தேநீர்க் கடை. வரிசையாக நிற்கின்றன வண்டிகள். ஓட்டுநர் ஒருவர் கயிற்றுக் கட்டிலிலே அமர்ந்திருக்கிறார். அரசு அதிகாரி ஒருவர் ஜீப்பிலே வந்து இறங்குகிறார். உடனே என்ன நடக்கும்? கட்டில் காலி! "ஆர்.டி.ஓ. வந்துவிட்டார்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவார் நம் தோழர். காட்சி முடிந்தது, திரை விழுந்தது.

இப்போது வேறு ஒருவர் வருகிறார். தோளிலே துண்டு, கையிலே சிறு பை.

"அண்ணா, டீ சாப்புட்டீங்களா?"

"ஆச்சு. நீ யாரப்பா, ஆஸ்பத்திரி ஆளா?"

"இல்லீங்கண்ணா. பத்து வருசம் நானும் ஸ்டீயரிங் புடிச்சவன்தானுங்க. சங்ககிரி வண்டி."

"அப்படியா! உட்காரு, உட்காரு."

அந்த 'உட்காரு' என்ற ஒரு சொல்லிலே இருக்கிறது, தோழர்களே, கூட்டு முயற்சியின் முழுப் பொருளும்! அரசின் ஆணைக்குக் கிடைக்காத கட்டில் இடம், தொழில் அறிந்த தோழனுக்குக் கிடைக்கிறது. அவன் சொல்லும்போது ஆணுறையைப் பற்றிக் கேட்க வெட்கம் இல்லை. மேகநோய்க்கு வைத்தியம் கேட்க அச்சம் இல்லை. இரத்தச் சோதனைக்கு வா என்றால் வருகிறான். பாலியல் தொழிலாளரிடையே அவர்களுள் ஒருவரே சென்று பேசினார். பட்டறையிலே பட்டறைத் தொழிலாளியே பேசினார். இத்தகைய ஊழியரை அரசு உத்தியோகப் பட்டியலிலே போட முடியாது. கல்வித் தகுதி கேட்கும், வயது வரம்பு கேட்கும். தொண்டு நிறுவனத்தால் முடிந்தது. அதற்குப் பணம் அயல்நாட்டிலிருந்து வந்தது. பின்னால் நின்று சோதனை நிலையத்தையும் மருத்துவமனையையும் அரசு கொடுத்தது.

2003ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் 'புள்ளி ராஜா' என்ற பெயர் திடீரென்று தோன்றியதை நடுவயதுத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி ஊரையே பேசவைத்தது. சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர், கண்டித்தோரும் உண்டு. ஆனால், எந்தச் சொல்லை வாயிலே எடுக்கக் கூசினார்களோ அந்தச் சொல்லைப் பேருந்து நிலையத்திலே நின்று பேசினார்கள்.

நோய் குறைந்தது. 2003 முதல் 2008 வரையிலான காலத்திலே ஆவஹான் திட்டம் ஏறத்தாழ ஒரு இலட்சம் புதிய தொற்றுகளைத் தடுத்திருக்கக்கூடும் என்று 'லான்செட்' மருத்துவ ஏட்டிலே 2011ஆம் ஆண்டு வந்த ஆய்வு கணக்கிட்டது. 2023ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவிலே எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 25 இலட்சத்து 44 ஆயிரம் பேர். வயது வந்தோரிலே ஆயிரத்துக்கு இருவர். ஆகவே, அயல்நாட்டுப் பணம் என்றாலே நஞ்சு, தனியார் கை பட்டாலே தீட்டு என்று பேசுவோர், இந்த உயிர்களின் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

விலையும் சட்டமும்

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தனியார் என்பது ஒரே முகம் அன்று.

இந்த நோய்க்கான கூட்டு மருந்து மேலைநாட்டிலே பயனுக்கு வந்தபோது, ஒரு நோயாளிக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். லாரி ஓட்டுநன் தன் வண்டியை விற்றாலும் கட்டுப்படியாகாது. அந்த வண்டியோ அவனுடையதும் அன்று! ஆப்பிரிக்காவிலே இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தனர். மலிவு மருந்துக்கு வழிசெய்யத் தென்னாப்பிரிக்கா 1997ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றியது. உடனே என்ன செய்தனர் மருந்து முதலாளிகள்? இரங்கினரா? இல்லை, 1998ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். ஒன்றல்ல, இரண்டல்ல, 39 கம்பெனிகள்! சிறையிலே இருபத்தேழு ஆண்டு இருந்து மீண்ட மண்டேலாவின் அரசை, மருந்துக்காக நீதிமன்றத்திலே நிறுத்தினர். உலகம் காறி உமிழ்ந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரலிலே தலைகுனிந்து வழக்கைத் திரும்பப் பெற்றனர்.

அதே 2001ஆம் ஆண்டின் பிப்ரவரியிலே மற்றொரு தனியார் கம்பெனி பேசிற்று. பம்பாயிலே 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிப்ளா. அதன் தலைவர் யூசுப் அமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்புக்கு ஓராண்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாள் ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! உலகமே வியந்தது.

முப்பத்தொன்பது கம்பெனிகளும் தனியார், சிப்ளாவும் தனியார். ஒரு சாரார் வழக்கு மன்றத்துக்குப் போனார்; ஒருவர் விலையைக் குறைத்தார். வேறுபாடு எங்கே பிறந்தது? மனத்திலே மட்டுமா? இல்லை, தோழர்களே, சட்டத்திலே! இந்திய நாடாளுமன்றம் 1970ஆம் ஆண்டிலே காப்புரிமைச் சட்டம் இயற்றியபோது, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. வேறு செய்முறையிலே அதே மருந்தைச் செய்யலாம் என்ற கதவு அதனால் திறந்திருந்தது. அந்தக் கதவு வழியே வந்ததுதான் 350 டாலர் மருந்து. உலக வணிக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக 2005ஆம் ஆண்டிலே அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தனியாரின் திறமை குதிரை என்றால், சட்டம் கடிவாளம். குதிரை வேண்டாம் என்று நான் கூறவில்லை. கடிவாளம் நம் கையிலே இருக்கிறதா என்று கேட்கிறேன்.

விலை இறங்கியது; அரசு எழுந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அரசு மருத்துவமனைகளிலே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலே தாம்பரத்திலே தொடங்கி, நாமக்கல் அரசு மருத்துவமனைக்கும் ஏ.ஆர்.டி. மையம் வந்தது. குளோபல் ஃபண்ட் என்னும் பன்னாட்டு நிதியமும் அதற்குக் கைகொடுத்தது. தாய்க்கும் தந்தைக்கும் நோய் வந்ததால் ஏங்கிய பிள்ளைகளுக்காக 2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஓர் அறக்கட்டளையையே அமைத்தது.

விருந்தினர் எழுந்த நாள்

இங்கேதான் பழமொழிக்கு வருகிறோம். இந்த மருந்து கிருமியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. நாள்தோறும் உண்டால் கிருமி இரத்தத்திலே காணமுடியாத அளவுக்கு ஒடுங்கும்; உடலுறவு வழியே பிறருக்குப் பரவாது; உழைக்கலாம், மணக்கலாம், நோயற்ற பிள்ளை பெறலாம். நிறுத்தினால் கிருமி மீண்டும் தலைதூக்கும். இடையிடையே நிறுத்தினால் மருந்துக்கே அஞ்சாத கிருமி உருவாகும். ஆகவே, இந்த நோயாளிக்குத் தேவை வள்ளல் அல்ல. இன்றும் வருவார், நாளையும் வருவார் என்று நம்பத்தக்க துணை.

2025ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அமெரிக்காவிலே புதிதாகப் பதவியேற்ற குடியரசுத் தலைவர் ஒரு கையெழுத்திட்டார். அயல்நாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. சூலை முதல் நாளோடு யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதே முடிந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் நடந்த நிறுவனம்! ஆப்பிரிக்க நாடுகளிலே மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. ஊழியர் வீடு திரும்பினர். ஐதராபாத்திலே 2021ஆம் ஆண்டு திருநர் சமுதாயத்துக்கெனத் திறக்கப்பட்ட மித்ர் என்னும் மருத்துவ நிலையமும், மராட்டியத்திலே அதன் உடன்பிறந்த நிலையங்களும் 2025ஆம் ஆண்டிலே கதவடைத்தன. பின்னர் உள்நாட்டு அறக்கட்டளை ஒன்று முன்வந்து ஐதராபாத் நிலையத்தை வேறு பெயரிலே திறக்க உதவிற்று. நல்லது. ஆனால், இடையிலே பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியவர்களுக்கு யார் பொறுப்பு?

வாஷிங்டனிலே பேனா அசைந்தபோது நாமக்கல்லிலே மாத்திரை அதை நம்பி இருந்ததா? இல்லை. 2021 முதல் 2026 வரைக்கான தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 15,471 கோடி ரூபாயை மைய அரசே தன் வரவு செலவிலே ஒதுக்கியிருந்தது. அது டில்லியின் கருணை அன்று. நீங்களும் நானும் கட்டிய வரி. விருந்தினர் எழுந்தபோதும் அடுப்பு எரிந்ததற்குக் காரணம், விறகு வீட்டிலே இருந்தது.

அதற்காக விருந்தினர் எல்லாரும் ஒரே வகை என்று கூறமாட்டேன். ஆவஹான் திட்டத்தார் தாம் போகப்போகிறோம் என்பதை முன்கூட்டியே கூறினர். 2009ஆம் ஆண்டு முதல் மூன்று கட்டங்களாக, தம் செலவை அரசின் அளவுக்கு இறக்கிப் பழக்கி, பணியை அரசிடம் ஒப்படைத்தனர். சொல்லிக்கொண்டு போகும் விருந்தினருக்கும், இலையிலே சோறு இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போகும் விருந்தினருக்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

வீட்டுக்காரனும் உறங்குவான்

ஆகவே எல்லாம் அரசிடம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று உறங்கலாமா? கூடாது. 2022ஆம் ஆண்டு சூலையிலே டில்லியிலே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாயிலிலே நோயாளிகள் உட்கார்ந்தனர். ஏன்? மருந்து தட்டுப்பாடு! மாதக் கணக்கிலே தரவேண்டிய மருந்தைச் சில நாளுக்கு மட்டும் கிள்ளிக் கொடுத்தனர் என்பது அவர்கள் முறையீடு. ஆறு வாரம் அமர்ந்திருந்தனர்.

2017ஆம் ஆண்டிலே எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நோயைக் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பள்ளியிலே இடம் மறுக்கக் கூடாது, மருத்துவம் மறுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வாழ்த்துகிறோம். ஆனால், அரசு மருந்து தரவேண்டும் என்று சொல்லும் இடத்திலே மட்டும் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் செருகினார்கள். இயன்றவரை! அந்தச் சொல்லுக்குள்ளே எத்தனை ஓட்டை! வட்டிக்காரனிடம் 'இயன்றவரை கட்டுகிறேன்' என்று நாம் சொன்னால் விடுவானா?

நம்பிக்கை மையத்திலே நோயாளியின் கண்ணீரைத் துடைக்கும் ஆற்றுநரை எண்ணிப் பாருங்கள். சோதனைச் சாலை ஊழியரை எண்ணிப் பாருங்கள். திட்டம் தற்காலிகம் என்பதாலே பணியும் தற்காலிகம். தொகுப்பூதியத்திலேயே ஆண்டுகள் பல கடந்துவிட்டன. நோய் வாழ்நாள் நோய். ஊழியருக்கு மட்டும் ஒப்பந்தம்! இது என்ன நியாயம்?

நாம் விதிக்கவேண்டியவை

ஆகவே, தோழர்களே, நாளை நம் ஊருக்கு எந்தக் கூட்டுத் திட்டம் வந்தாலும், அது நீருக்காக இருக்கட்டும், கல்விக்காக இருக்கட்டும், நோய்க்காக இருக்கட்டும், வருகிறவர் அமெரிக்கராயினும் ஜப்பானியராயினும் உள்ளூர் முதலாளியாயினும், நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று: எப்போது போவீர்கள்? போகும்போது யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இதை வரும் நாளிலேயே எழுதித் தரவேண்டும்.

இரண்டு: கணக்கு எங்கே? இங்கிலீஷிலே அச்சடித்து டில்லிக்கு அனுப்பும் கணக்கு போதாது. தமிழிலே எழுதி, மருத்துவமனைச் சுவரிலே ஒட்டவேண்டும். கிராம சபையிலே படிக்கவேண்டும்.

மூன்று: உழைப்பவருக்கு என்ன? திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் ஊழியரின் அடுப்பு அணையக் கூடாது.

நான்கு: நோயாளிக்கு நாற்காலி உண்டா? 1994ஆம் ஆண்டு பாரிசிலே 42 நாடுகள் கூடி, இந்த நோயுடன் வாழ்வோருக்கு முடிவெடுக்கும் இடத்திலே பங்கு வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. பாரிஸ் சொல்லியா நமக்குத் தெரியவேண்டும்? இந்த நாமக்கல் மண்ணிலே பிறந்த கௌசல்யா பெரியசாமி, ஊர் ஒதுக்குமே, உறவு வெறுக்குமே என்று முடங்கிவிடாமல், "ஆம், நான் இந்த நோயுடன் வாழ்கிறேன்" என்று உலகறியச் சொல்லி, 1998ஆம் ஆண்டிலே தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி ஒரு கூட்டமைப்பையே கண்டார். திட்டம் தீட்டும் மேசையிலே அத்தகையோருக்கு இடம் இல்லையென்றால், அது யாருக்கான திட்டம்?

கேள்வி கேட்பது மேடையின் வேலை. கிளைத் தோழர்களின் வேலை அதைவிடப் பெரிது. உங்கள் ஊரிலே ஒரு குடும்பத்துக்குத் தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்தால், அந்தக் குவளையை எடுத்து நீங்கள் பருகுங்கள். பள்ளியிலே ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் பணிவோடு பேசுங்கள். அப்படிச் செல்லும்போது நோயாளியின் பெயரை நீங்களே ஊருக்கு அறிவித்துவிடாதீர்கள். அவர் இசைவின்றி ஒரு சொல்லும் வெளிவரக் கூடாது என்பதும் அதே சட்டம். மருந்து மையத்திலே இம்மாதம் மருந்து குறைந்தது என்று கேள்விப்பட்டால், அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திராமல் அன்றே மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். லாரி உரிமையாளர் சங்கத்திலே நண்பர்கள் இருந்தால், ஓட்டுநர் மருந்து வாங்கும் நாளிலே அவருக்கு லோடு போடவேண்டாம் என்று கேளுங்கள். ஒரு நாள் லோடு போனால் மறுநாள் வரும். மருந்து தவறினால் ஆள் போய்விடுவான்.

உதவ வருவோரை வரவேற்போம்; இலை போட்டுப் பரிமாறுவோம்; போகும்போது கைகூப்பி வழியனுப்புவோம். ஆனால், வீட்டுச் சாவியைக் கொடுத்தனுப்ப மாட்டோம். நாமக்கல் மருத்துவமனையின் மருந்து வரிசையிலே நாளைக் காலையிலும் நம் அண்ணன் நிற்பான், நம் தங்கை நிற்பாள். அவர்கள் கையிலே மாத்திரை விழும்வரை நமக்கு உறக்கம் கிடையாது என்று உறுதி கொள்ளுங்கள்.